போட்டுக்கு பிஷ் பைண்டர் வாங்க முதல்: திருகோணமலை கடலுக்கு எது சரிவரும்

கொஞ்ச நாளா தம்பிமார் பலபேர் கேக்கிற கேள்வி ஒண்டுதான், "அண்ணே எந்த பிஷ் பைண்டர் நல்லம், கார்மினா லோரன்ஸா ஹம்மின்பேர்டா?" பிஷ் பைண்டர் எண்டது கடலுக்கு அடியில மீனையும் ஆழத்தையும் ஸ்கிரீன்ல காட்டுற மெஷின். இந்தக் கேள்விக்கு நான் நேரா பதில் சொல்லுறதில்ல, திருப்பி ஒரு கேள்விதான் கேக்கிறனான்: நீ எங்க போய் தூண்டில் போடப்போற? கம்பனி எதுவெண்டாலும் பரவாயில்ல, எல்லாருமே ஓரளவு நல்ல சாமான்தான் செய்யிறாங்கள், ஆனா எந்த ஆழத்துக்கு எந்த ட்ரான்ஸ்டியூசர் (தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி வாங்குற பாகம்) எண்டது பிழைச்சா பெரிய ஸ்கிரீன் இருந்தும் பிரயோசனம் இல்ல. காசை ஸ்கிரீன்ல கொட்டாம ட்ரான்ஸ்டியூசர்லயும் அதைப் பூட்டுற விதத்திலயும் பற்றரியிலயும் போடுங்கோ எண்டதுதான் நான் சொல்லவாறது, ஏனெண்டு கொஞ்சம் விரிவாவே எழுதுறன்.

எங்கட திருகோணமலை கடல் மற்ற ஊர்க் கடல் மாதிரி இல்ல. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி பக்கம் கரையோட பாரும் (கடலடிக் கல்லுத்திட்டு) கல்லும் மணலுமா கிடக்கு, பத்து இருபது முப்பது மீற்றர் தண்ணிக்குள்ள பாரை, விளைமீன், கலவாய் பிடிக்கலாம். அதே நேரம் கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே தலையை நீட்டிக்கொண்டு ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு கிடக்கு, வெளியில போகப்போக நிலம் அப்பிடியே கீழ விழுந்து ஆயிரம் மீற்றருக்கும் மேல ஆழமாகிடும், திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வாறதுக்கு இந்த ஆழமும் ஒரு காரணம். அதால ஒரே போட்டுல ஒரே காலமை நேரத்துல நீங்க 15 மீற்றர்லயும் நிப்பீங்க, கொஞ்ச நேரத்துல 200 மீற்றருக்கு மேலயும் நிப்பீங்க. ஏரியில மீன் பிடிக்கிறவன் யூடியூப்ல சொல்லுறதைக் கேட்டு இந்தக் கடலுக்கு சாமான் வாங்கக்கூடாது.

பிஷ் பைண்டர் செய்யிற வேலை சிம்பிள். கீழ இருக்கிற ட்ரான்ஸ்டியூசர் ஒரு சத்தத்தை அனுப்பும், அது நிலத்துலயோ மீன்லயோ பட்டு திரும்பி வரும், வந்த நேரத்தை வச்சு ஆழம் கணக்குப் பாக்கும். கடல் தண்ணியில சத்தம் செக்கனுக்கு கிட்டத்தட்ட 1500 மீற்றர் ஓடும், அப்ப 30 மீற்றர் ஆழத்துக்குப் போய் வர 0.04 செக்கன்தான், 600 மீற்றருக்கு எண்டா 0.8 செக்கன். அதனாலதான் ஆழத்துல ஸ்கிரீன் மெதுவா ஓடுற மாதிரி இருக்கும், மெஷின் பழுதெண்டு நினைக்காதீங்கோ. இந்தத் தொழில்நுட்பம் புதுசும் இல்ல, ஜப்பான்ல ஃபுருனோ கம்பனி 1948லயே மீன்பிடிக்கெண்டு பாவிக்கக்கூடிய கருவியைக் கொண்டுவந்திட்டாங்கள்.

இப்ப அலைவரிசைக்கு வாறன், இதுதான் முக்கியம். 200 கிலோஹேர்ட்ஸ் எண்டது நுணுக்கமாக் காட்டும், ஆனா ரொம்ப ஆழத்துக்குப் போகாது. 50, 77, 83 இப்பிடிக் குறைஞ்ச அலைவரிசை ஆழமாப் போகும், ஆனா விவரம் குறைவு. 455, 800 எண்டு வாறதெல்லாம் படம் பிடிச்ச மாதிரி கல்லையும் உடைஞ்ச கப்பலையும் தெளிவாக் காட்டுற டவுன் ஸ்கான் (நேர் கீழ பாக்கிறது), சைட் ஸ்கான் (ரெண்டு பக்கமும் பாக்கிறது) வகை, ஆழம் கூடக்கூட அது மங்கிப்போகும். சத்தம் போறது டோர்ச் லைட் வெளிச்சம் மாதிரி, கீழ போகப்போக விரிஞ்சுகொண்டே போகும். 12 பாகை விரிவுள்ள ட்ரான்ஸ்டியூசர் 30 மீற்றர் ஆழத்துல நிலத்துல பாக்கிறது ஆறேகால் மீற்றர் வட்டம்தான், அதே ஆழத்துல 45 பாகை எண்டா கிட்டத்தட்ட 25 மீற்றர் வட்டம். அகலமாப் பாத்தா மீன் இருக்கிறது கூடத் தெரியும், ஆனா போட்டுக்கு நேர் கீழயா இல்லாட்டி பத்து மீற்றர் தள்ளியா எண்டு தெரியாது. ஒரு சின்னப் பாருக்கு மேல நிண்டு நேர ஈயத்தை இறக்கோணும் எண்டா ஒடுக்கமான கதிர்தான் உதவும்.

அதால இங்க எங்களுக்கு ஆகக் குறைஞ்சது ரெண்டு அலைவரிசை வேலை செய்யிற ட்ரான்ஸ்டியூசர் வேணும், ஒண்டு 200 பக்கம், ஒண்டு 50 இல்லாட்டி 80 பக்கம். சிர்ப் எண்டு போட்டிருந்தா இன்னும் நல்லம், அது ஒரே அலைவரிசையில அனுப்பாம ஒரு எல்லைக்குள்ள கீழ இருந்து மேல வரைக்கும் இழுத்து அனுப்பும், அதால நிலத்தோட ஒட்டிக் கிடக்கிற மீனையும் கிட்டக்கிட்ட நிக்கிற மீன்களையும் பிரிச்சுக் காட்டும். கலவாய் பிடிக்கிற ஆக்களுக்கு இது பெரிய விசயம்.

பெட்டியில எழுதியிருக்கிற ஆழத்தை அப்பிடியே நம்பாதீங்கோ. அநேகமா அது நன்னீர்ல அளந்தது. உதாரணத்துக்கு கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 எண்ட சின்ன மொடல் நன்னீர்ல 1600 அடி எண்டு போட்டிருப்பாங்கள், உப்புத்தண்ணியில 750 அடி எண்டு அவங்களே எழுதியிருக்கிறாங்கள். கடல் தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகள் சத்தத்தை உறிஞ்சும், அதுதான் காரணம், அதுவும் அலைவரிசை கூடினா இன்னும் கூட உறிஞ்சும். வாட்ஸ் விசயத்துலயும் கவனம், சிலர் ஆர்எம்எஸ் (சராசரி வலு) வாட்ஸ் போடுவாங்கள், சிலர் பீக் டு பீக் (உச்சத்தை வச்சு கணக்குப் பாக்கிறது) எண்டு பெரிய இலக்கம் போடுவாங்கள், பீக் டு பீக்கை எட்டால பிரிச்சாத்தான் ஆர்எம்எஸ் வரும். 4000 வாட்ஸ் எண்டு ஒருத்தன் விளம்பரம் போட்டாலும் மற்றவன்ட 500 வாட்ஸும் அதுவும் ஒண்டுதான். கரைப் பாருகளுக்கு 200, 300 போதும், பள்ளத்தாக்கு ஓரத்துக்கு அடிக்கடி போறவை 500, 600 ஆர்எம்எஸ் பாருங்கோ.

ஸ்கிரீனைப் பாக்கத் தெரியாம கனபேர் மெஷினைக் குறை சொல்லுறாங்கள். ஸ்கிரீன்ட வலது ஓரம்தான் இப்ப கீழ இருக்கிறது, இடது பக்கம் போகப்போக முந்தி நடந்தது, அது போட்டுக்கு இடது பக்கம் இருக்கிற கடல் இல்ல. மீன் வளைவா வாறது ஏனெண்டா கதிருக்குள்ள ஓரத்தால நுழையேக்க தூரம் கூட, நடுவுக்கு வரேக்க குறைவு, திரும்பி வெளிய போகேக்க கூட. போட்டும் மீனும் அசையாம நிண்டா வளைவு வராது, நீளக் கோடுதான் வரும், அதுவும் மீன்தான். மீன் படம் போட்டுக் காட்டுற செட்டிங்கை முதல்ல நிப்பாட்டுங்கோ, குப்பை, நீர்க்குமிழி எல்லாத்தையும் மீனெண்டு காட்டும்.

இன்னொண்டு, இதை யாரும் கடையில சொல்லமாட்டாங்கள். சத்தம் மீன்ல நல்லாப் பட்டுத் திரும்புறது மீன்ட காத்துப்பையாலதான். பாரைக்கு காத்துப்பை இருக்கு, நல்லாக் காட்டும். அறுக்குளாவுக்கு காத்துப்பை இல்ல, சூரையில சில வகைக்கும் இல்ல, அதால கீழ அறுக்குளா கூட்டமா ஓடினாலும் ஸ்கிரீன்ல மெல்லிய அடையாளம்தான் வரும். அப்ப அறுக்குளாவைத் தேடாதீங்கோ, அது தின்னுற சூடைக் கூட்டத்தைத் தேடுங்கோ, சூடைக்கு காத்துப்பை இருக்கிறபடியா பந்து பந்தா தெளிவா விழும், அந்தப் பந்து ஒரு பக்கம் பிஞ்சு கலைஞ்சிருந்தா கீழ வேட்டை நடக்குது, உடன ஜிக்கை (ஈயத்துல செய்த போலி இரையை) இறக்குங்கோ. நிலத்தையும் பாக்கலாம், கல்லு நிலம் எண்டா கோடு தடிப்பா வரும், சென்சிட்டிவிட்டியை (மெஷின் எவ்வளவு மெல்லிய எதிரொலியைக் காட்டும் எண்ட செட்டிங்) கூட்டினா கீழ ரெண்டாவது கோடும் விழும், சேத்து நிலம் எண்டா மெல்லிசா அடிச்சு முடிஞ்சிடும். மகாவலி வந்து விழுற கொட்டியாரக்குடா பக்கம் சேறு கூட, அங்க நடுவுல திடீரெண்டு ரெண்டாவது கோடு வந்தா அந்த இடத்தை உடன மார்க் பண்ணுங்கோ.

இனி பூட்டுற விசயம். எங்கட ஆக்கள்ட அநேகமான பைபர் போட்டுகளுக்கு பின்பலகையில பூட்டுற வகைதான் லேசு. எஞ்சின்ட காத்தாடிக்கு கிட்ட பூட்டினா நுரையும் குமிழியும் ட்ரான்ஸ்டியூசருக்குக் கீழ போய் ஓடேக்க ஸ்கிரீன் முழுக்க குப்பையாகிடும். காத்தாடியில இருந்து ஆகக் குறைஞ்சது 38 சென்ரிமீற்றர் தள்ளி, காத்தாடி இலை கீழ்ப்பக்கமா இறங்குற பக்கத்துல பூட்டுங்கோ, எங்கட சாதாரண எஞ்சின்கள்ல அது வலது பக்கம். பைபர் போட்டுக்கு ட்ரான்ஸ்டியூசர்ட அடி போட்டு அடியை விட 3 மில்லிமீற்றர் அளவு கீழ நிண்டாக் காணும், ரொம்பக் கீழ விட்டா தண்ணி தெறிக்கும், கரையில ஏத்தேக்க உடையவும் செய்யும். எங்கட வள்ளங்கள் மணல்ல இழுபடுறது, அதை மறக்காதீங்கோ. பலகையில திரும்பத் திரும்ப ஓட்டை போடாம ஒரு கெட்டி பிளாஸ்ரிக் பலகையை ஒருக்காப் பூட்டி, அதுல ட்ரான்ஸ்டியூசரை ஏத்தி இறக்கிச் சரிபாருங்கோ, ஆணி 316 ஸ்டெயின்லெஸ், ஓட்டைக்கு கடலுக்கெண்டு விக்கிற சீலன்ட், வீட்டு சிலிக்கோன் வேண்டாம்.

வெளிய ஒண்டும் பூட்ட விருப்பமில்லாட்டி உள்ளுக்க அடித்தளத்துல எபொக்சியால ஒட்டுற முறையும் இருக்கு, சத்தம் பைபரை ஊடுருவிப் போகும். ஆனா அந்த இடம் தனி பைபரா இருக்கோணும், நடுவுல போம் (நுரைப்பஞ்சு) வச்ச போட்டுக்கு சரிவராது. எபொக்சியில ஒரு காத்துக் குமிழி நிண்டாலும் கெட்டுது. சைட் ஸ்கான், டவுன் ஸ்கான் இதால வேலை செய்யாது, தண்ணிச் சூடும் சரியாக் காட்டாது. ஒட்ட முதல் ஒரு பொலித்தீன் பையில தண்ணி நிரப்பி ட்ரான்ஸ்டியூசரை உள்ளுக்க விட்டு, நனைச்ச தளத்துல அழுத்திப் பிடிச்சுக்கொண்டு கடல்ல பாருங்கோ, ஆழம் சரியா வந்தாத்தான் அந்த இடத்துல ஒட்டோணும்.

பற்றரிக்கு வாறன். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுற எஞ்சின் வச்சிருக்கிற ஆக்களுக்கு சார்ஜ் வாறதில்ல அநேகமா, அப்ப தனியா 12 வோல்ட் பற்றரி வேணும். கணக்கு இப்பிடித்தான்: மெஷின் 1 அம்பியர் எடுத்தா 8 மணித்தியாலத்துக்கு 8 அம்பியர் அவர். ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கினா கெதியில செத்துப்போகும், அதால 16, 18 அம்பியர் அவர் வேணும், யூபிஎஸ்ல வாற 7 அம்பியர் அவர் பற்றரி பெரிய ஸ்கிரீனுக்கு அரை நாளைக்கும் காணாது. லித்தியம் பொஸ்பேட் எண்டா 10, 12 அம்பியர் அவர்ல முடியும், பாரமும் குறைவு, விலை கூட, அதுக்கான சார்ஜரும் வேணும். செல்ப் ஸ்டார்ட் எஞ்சின் எண்டாலும் பிஷ் பைண்டருக்கு வேற பற்றரி வைக்கிறதுதான் நல்லம், ஸ்டார்ட் பண்ணேக்க வோல்டேஜ் விழுந்து மெஷின் நிண்டு நிண்டு வரும், எஞ்சின் இரைச்சலும் ஸ்கிரீன்ல கோடா ஏறும். பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் போடுங்கோ, எத்தனை அம்பியர் எண்டு மனுவல்ல இருக்கும். வயர் வெள்ளீயம் பூசின செம்பு வயர், சாதாரண வீட்டு வயர் உப்புக் காத்துல உள்ளுக்குள்ளயே கறுத்துப்போகும்.

ஸ்கிரீன் 5 அங்குலம் ஒரு ஆளுக்கு போதும், ரெண்டு பக்கமாப் பிரிச்சு சோனாரும் (சத்தத்தால வாற படம்) மேப்பும் பாக்கிற ஆக்களுக்கு 7 வேணும். நடுவெயில்ல தெரியிற அளவு வெளிச்சம் இருக்கா எண்டு கடைக்கு வெளிய கொண்டுவந்து பாருங்கோ, கறுப்புக் கண்ணாடி போட்டும் பாருங்கோ. ஐபிஎக்ஸ்7 எண்டு இருந்தா 1 மீற்றர் தண்ணிக்குள்ள 30 நிமிசம் தாங்கும். முன்னால பாக்கிற லைவ் சோனார் வகையெல்லாம் அருமையான சாமான்தான், ஆனா அந்தக் காசுக்கு இங்க ஒரு எஞ்சின் வாங்கலாம், பொழுதுபோக்குக்கு போற ஆக்களுக்கு இப்ப தேவையில்ல.

ஜிபிஎஸ் இல்லாத மொடல் மட்டும் வாங்காதீங்கோ, அதுல கை வச்சு மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய ஆக்கள் கோணேசர் மலையையும் அங்கால ஒரு மலையையும் நேர் பிடிச்சுத்தான் பார் கண்டுபிடிச்சாங்கள், அந்த அறிவு இப்பவும் பெறுமதிதான், அவங்களோட ஒருக்காப் போய் அந்த இடங்களை மரியாதையாக் கேட்டு மார்க் பண்ணுங்கோ, அவங்க வேண்டாம் எண்டா மற்றவைக்கு குடுக்காதீங்கோ, அது அவங்கட சோறு. கார்மின்ல குவிக் டிரோ எண்டும், ஹம்மின்பேர்ட்ல ஓட்டோ சார்ட் எண்டும் ஒரு வசதி இருக்கு, நீங்க ஓடின இடத்தோட ஆழத்தை வச்சு அதுவே மேப் கீறும், ஒரு சீசன் ஓடினா உங்கட கையில கடையில வாங்கக் கிடைக்காத மேப் இருக்கும். வாங்க முதல் அந்த மொடல்ல மெமரி காட் போடலாமா எண்டும் பாருங்கோ. புறாத்தீவு 2003ல இருந்து தேசிய பூங்கா, அங்க மீன் பிடிக்க ஏலாது, அதைச் சுத்தி புள்ளிகள் போட்டு வச்சா நீரோட்டம் இழுத்தாலும் எங்க நிக்கிறீங்க எண்டு தெரியும். துறைமுகத்துக்குள்ள கடற்படை எல்லையும் அப்பிடித்தான்.

கரைக்கு வந்ததும் ஸ்கிரீனைக் கழட்டி நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு வீட்ட கொண்டுபோங்கோ, ட்ரான்ஸ்டியூசர்ல பாசி, சிப்பி பிடிச்சா மெதுவாச் சுரண்டுங்கோ, பெற்றோலோ தின்னரோ போட்டுக் கழுவினா பிளாஸ்ரிக் பழுதாகிடும். மிச்ச வயரை வெட்டிக் குறைக்காதீங்கோ, சுத்திக் கட்டுங்கோ. வாடைக்காத்து காலம் போட்டு கரையில கிடக்கிற மாதங்கள்ல பூட்டுற வேலையெல்லாம் செய்து முடிச்சா சித்திரையில கடல் தணியேக்க நேர இறக்கலாம், கொழும்பிலயோ வெளியிலயோ ஓடர் பண்ணுறவை தை மாசத்துக்குள்ள பண்ணுங்கோ, அதோட உதிரி பியூஸ் ரெண்டும் சேத்தே எடுங்கோ.