முதலில் கோன், அப்புறம் டிராக்

மார்ச் 16, ஞாயிறு

சீசனின் முதல் ஆட்டோகிராஸ். வட கரோலினாவில் மார்ச் காலை இன்னும் குளிர்தான். முதல் ஓட்டத்தில் டயர் சூடேறாமல் ஒவ்வொரு வளைவிலும் காரின் மூக்கு நேரே போகவே பார்த்தது. வெயில் ஏறிய பிறகுதான் என் பழைய மாஸ்டா மியாட்டா கார் திருப்பிய பக்கம் திரும்பியது.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றையோ பழைய விமான ஓடுதளத்தையோ எடுத்துக்கொண்டு, ஆரஞ்சு கோன்களை வைத்து வளைந்து நெளிந்த ஒரு பாதை அமைப்பார்கள். கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். பக்கத்தில் முட்டி மோத யாரும் இல்லை, கடிகாரம் மட்டும்தான். ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கோனைத் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் 2 வினாடி கூடும். இரண்டு கோன்களுக்கு இடையே நுழைந்து போக வேண்டிய ‘வாசல்’ ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. 1944-இல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் இதை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. உள்ளூர்ச் சங்கங்கள் பலவும் ஏறத்தாழ அதே விதிகளை வைத்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது காலை நடைதான். கார் எடுப்பதற்கு முன் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். ஒத்திகை ஓட்டம் கிடையாது. முதல் ஓட்டமே கணக்கு. பாதையும் ஒவ்வொரு முறையும் புதிது. அதனால் நடக்கும்போதே மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்லாலம் என்பது வரிசையாக வைத்த கோன்களுக்கு இடையே இடமும் வலமுமாக நெளிந்து போகும் பகுதி. இந்த ஸ்லாலத்தில் எந்தக் கோனுக்குப் பக்கத்தில் உரசிப் போக வேண்டும், எங்கே ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் அடுத்த மூன்று கோனும் சரியாக வரும் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிட வேண்டும். ஸ்லாலத்தில் முதல் கோனுக்குத் தாமதமாகத் திரும்பினால் அந்தத் தாமதம் கடைசிக் கோன்வரை கூடிக்கொண்டே போகும். நடுவில் சரிசெய்ய இடமே இருக்காது.

ஓட்டாத நேரத்தில் வேலை. இது எல்லோருக்கும் கட்டாயம். வாக்கிடாக்கியுடன் வெயிலில் நின்று, விழுந்த கோனை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு கோனையும் சுற்றித் தரையில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். கோன் சாயாமல், அதன் ஒரு ஓரமாவது கட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்டனை இல்லை. பலரும் இந்த வேலையைச் சலிப்பாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படியில்லை. நல்ல ஓட்டுநர் ஒருவர் நம் கண்ணெதிரே பிரேக்கை எந்த இடத்தில் விடுகிறார் என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது.

மார்ச் 19, புதன்

அலுவலகத்தில் தம்பி ஒருவன் இருக்கிறான். மதுரைக்காரன், வந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. புத்தம் புது டொயோட்டா ஜிஆர்86 வாங்கியிருக்கிறான். நேரே வர்ஜீனியாவில் இருக்கும் வி.ஐ.ஆர் என்ற ரேஸ் டிராக்கில் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். மதியச் சாப்பாட்டில் இதே பேச்சு.

“அக்கா, நாள் முழுக்க வெயில்ல நின்னுட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டுறதா? டிராக் டேக்குப் போனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டலாமே?”

கணக்கு சரிதான். டிராக் டே என்றால் ரேஸ் டிராக்கில் நம் சொந்தக் காரை ஓட்ட விடும் நாள். அதில் இருபது, இருபத்தைந்து நிமிடமாக நான்கு முறை விடுவார்கள். ஆட்டோகிராஸில் எல்லா ஓட்டத்தையும் சேர்த்தாலும் ஐந்தாறு நிமிடம்தான். ஆனால் அவனிடம் நான் கேட்டது வேறு. “உன் கார் பிடி விட்டு வழுக்கும்போது உன் கை என்ன செய்யும்னு உனக்குத் தெரியுமா?” தெரியாது என்றான். அதைத் தெரிந்துகொள்ள எந்த இடம் நல்லது என்பதுதான் கேள்வி. கோன்களுக்கு நடுவில் கார் சுழன்றால் நான்கு கோன் விழும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள், அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கலாம். டிராக்கில் சுழன்றால் புல், அதற்கப்புறம் டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவர். புது ஓட்டுநர் தன் எல்லையை ஒருமுறையாவது தாண்டிப் பார்க்க வேண்டும். அதைத் தாண்ட அனுமதி இருக்கும் இடத்தில் தாண்டுவதுதான் நல்லது.

ஏப்ரல் 27 ஆட்டோகிராஸுக்குப் பதிந்துகொள்கிறேன் என்றான். அதற்கு முன் என்னோடு டிராக்குக்கு வந்து பார்ப்பதாகவும் ஏற்பாடு.

ஏப்ரல் 5, சனி

காரைத் தயார்செய்யும் நாள். இரண்டு விளையாட்டுக்கும் உள்ள தூரம் கராஜிலேயே தெரிந்துவிடும்.

ஆட்டோகிராஸுக்கு என்ன செய்கிறோம்? காருக்குள் இருக்கும் தண்ணீர் பாட்டில், மிதியடி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்கிறோம். வீல் நட்டு இறுக்கமா, பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா, பிரேக் மிதி கல்லாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஹெல்மெட் இருந்தால் போதும், இல்லாவிட்டால் பல இடங்களில் இரவல் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து ஓட்டிப்போய், விளையாடிவிட்டு, அதே காரில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

டிராக்குக்கு அப்படி இல்லை. என் கார் திறந்த கூரை. ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு, இல்லாமல் டிராக்கில் விடவே மாட்டார்கள். ரோல் பார் இருந்தாலும், அதன் மேல் விளிம்பிலிருந்து முன் கண்ணாடிச் சட்டம்வரை ஒரு நீளக் கம்பை வைத்துப் பார்ப்பார்கள். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்த தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். நான் குள்ளம் என்பதால் தொல்லையில்லை. உயரமான நண்பர் ஒருவர் இருக்கையின் பஞ்சையே எடுத்துவிட்டுத்தான் தேறினார்.

அப்புறம் பிரேக் ஆயில். இதில்தான் நான் பிடிவாதம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தர வகை. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அதே தரம் 155 டிகிரியைத்தான் கேட்கிறது. வளைவே இல்லாத நீண்ட நேர்ப்பாதையின், அதாவது நேராட்டத்தின், முடிவில் மீண்டும் மீண்டும் மிதித்தால் அந்தச் சூடு எளிதில் வரும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அழுத்தத்தில் சுருங்கும், மிதி தரைவரை போகும், கார் நிற்காது. ஆட்டோகிராஸ் வேகம் என் காரில் அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில். டிராக்கில் 175-ஐத் தொடும். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அதையும் ஒருமுறை அல்ல, சுற்றுக்குப் பலமுறை விழுங்க வேண்டும். புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்து, பிரேக் பேடின் தடிமனையும் பார்த்தேன். பாதியாவது மிச்சம் இல்லையென்றால் நான் கிளம்ப மாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

வி.ஐ.ஆர், அதாவது வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வே. மாநில எல்லையைத் தாண்டியதும் வரும் ஆல்ட்டன் என்ற சிற்றூரில், டான் ஆற்றை ஒட்டிய மேடுபள்ளமான நிலத்தில் இருக்கிறது. 1957-இல் திறந்தார்கள், 1974-இல் மூடிவிட்டார்கள், பல ஆண்டு கிடந்துவிட்டு 2000-இல் மறுபடி உயிர் பெற்றது. முழுப் பாதை 3.27 மைல், நம் கணக்கில் ஐந்தேகால் கிலோமீட்டர். அமெரிக்காவில் இவ்வளவு அழகான டிராக் இன்னொன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காலையில் முதலில் வகுப்பு. கொடிகளைப் பற்றித்தான் அதிக நேரம். மஞ்சள் கண்டால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு கண்டால் பாதுகாப்பாக ஓரமாக நிறுத்த வேண்டும். கருப்பு காட்டினால் உள்ளே வந்து பேச வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் பாதையில் எண்ணெயோ குப்பையோ கிடக்கிறது. தொடக்கக் குழுவில் பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் உட்காருவார். முந்துவது குறிப்பிட்ட நேராட்டங்களில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையை நீட்டி “இந்தப் பக்கம் போ” என்று காட்டினால்தான். நேரம் எடுப்பது கிடையாது. போட்டி இல்லை என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள்.

தம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். அவனுக்குக் காட்ட நினைத்தது இரண்டு இடம்.

ஒன்று, ஏறும் எஸ் வளைவுகள். மேட்டில் இடமும் வலமுமாக மாறி மாறி ஏறிக்கொண்டே போகும். உச்சியில் கார் லேசாகும், அதற்கு அந்தப் பக்கம் பாதை கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்தை நம்பி ஸ்டீயரிங்கை நிலையாகப் பிடித்திருக்க வேண்டும். இங்கே பயந்து காலை வெடுக்கென்று எடுப்பதுதான் ஆபத்து. எடை முன்னால் சாயும், பின் டயர் பிடியை இழக்கும், கார் சுழலும். ஆட்டோகிராஸில் கால் எடுத்தால் பின்பக்கம் எப்படி அலையும் என்பதை என் இடுப்பு பலமுறை உணர்ந்திருக்கிறது. அதனால் இங்கே என் கால் அசையவில்லை. அதைத்தான் இறங்கி வந்ததும் அவனிடம் முதலில் சொன்னேன்.

இன்னொன்று ஓக் ட்ரீ வளைவு. பெயர் கொடுத்த மரம் 2013-இல் விழுந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. மெதுவான வலது திருப்பம், அதை விட்டால் நீண்ட பின் நேராட்டம். இங்கே உள்ளே வேகமாக நுழைய ஆசைப்பட்டால், வெளியேறும்போது ஆக்சிலரேட்டர் மிதிக்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை நேராட்டம் முழுக்கச் சுமக்க வேண்டும். பொறுமையாக நுழைந்து சீக்கிரம் மிதிக்கிறவர்தான் அந்த முனையில் முன்னால் போவார். இந்தப் பாடத்தைக் கோன் பாதையில் முழுதாகக் கற்க முடியாது, ஏனென்றால் அங்கே அவ்வளவு நீள நேராட்டமே இல்லை.

பிற்பகலில் வேறு குழுவில் ஒரு கார் புல்லில் இறங்கித் தடுப்பை உரசியது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காரின் பின்பக்கம் நசுங்கியிருந்தது. லாரியில் ஏற்றியதைத் தம்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி உள்ளே வர வேண்டும். நிறுத்திய பின் கை பிரேக் போடக் கூடாது, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். சூடான பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்தபடி ஆறினால் அடுத்த முறை மிதிக்கும்போது மிதி துடிக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். பாயசம் முடிந்து, மாங்காய்ப் பச்சடி முடிந்து, உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஆட்டோகிராஸ் நாள் ஒன்றுக்கு நுழைவு 50 டாலர் அளவில் வரும். வி.ஐ.ஆரில் வார இறுதி என்றால் 500 டாலரை எளிதில் தாண்டும். வழக்கமான கார் காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் செல்லாது, தனியாக நாள் காப்பீடு எடுக்க வேண்டும். பேட், டயர், ஆயில், பெட்ரோல், தங்கும் அறை எல்லாம் அதற்கு மேல். டிராக்கில் நுழைவுக் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான்.

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் வாழ்த்துச் சொல்ல அழைத்தவன், இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாமா என்று கேட்டான். 1990 முதல் இருக்கும் டிராக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது. கோவையில் கரி டிராக்கும் இருக்கிறது. போகலாம். ஆனால் நம் ஊரில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தரையில்தான். மண்ணில் கார் எந்நேரமும் வழுக்கும், அதுவும் நல்ல பள்ளிக்கூடம்தான் என்று சொன்னேன். அவனுக்கும் அதே வரிசையைத்தான் பரிந்துரைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தம்பியின் முதல் ஆட்டோகிராஸ். இரவெல்லாம் மழை, காலையிலும் தூறல். அவனுக்கு முகம் வாடிப்போயிற்று. எனக்கோ மகிழ்ச்சி. ஈரத்தில் குறைந்த வேகத்திலேயே பிடி விடும், கற்க நேரம் கிடைக்கும்.

முதல் ஓட்டத்தில் ஸ்லாலத்தின் நடுவில் அரைச் சுற்று சுழன்று எதிர்த்திசையில் நின்றான். அடுத்ததில் ஒரு வாசலைத் தவறவிட்டான். பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை உட்கார வைத்தோம். அவர் சொன்னது ஒன்றே ஒன்று, பக்கத்துக் கோனைப் பார்க்காதே, அடுத்த கோனைப் பார். கடைசி ஓட்டத்தில் பின்பக்கம் வெளியே போனபோது அவன் கை தானாக எதிர்ப்பக்கம் திரும்பி, கார் நேரானது. ஓட்டம் முடிந்து இறங்கியவன் கையை நீட்டிக் காட்டினான், நடுங்கிக்கொண்டிருந்தது. “அக்கா, யோசிக்கவே இல்ல, தானா திரும்பிச்சு!” என்றான். அவன் நேரம் அவன் கார்ப் பிரிவில் கடைசி வரிசையில்தான். அதை அவன் பார்க்கவே இல்லை.

மாலையில் அவனும் கோன் பொறுக்கினான். வெயில் வந்து தரை காய்ந்த பின் ஓடிய குழுவில் ஒரே காரை இரண்டு பேர் ஓட்டினார்கள். இடையில் டயர் சூடு தணியத் தண்ணீர் தெளித்தார்கள். அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே நின்றான். சரியான இடத்துக்கு வந்துவிட்டான்.

மே 3, சனி

தம்பி வந்திருந்தான். கோடை முழுக்க ஆட்டோகிராஸ், இலையுதிர் காலத்தில் வி.ஐ.ஆர் தொடக்கக் குழு என்று முடிவு. அதுவரை அவன் காரில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். டயர், பேட் எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கட்டும். டிராக்குக்கு முன் பிரேக் ஆயிலையும் பேடையும் மட்டும் நல்லதாக மாற்றினால் போதும். குதிரைத்திறன் கூட்டும் பேச்சை எடுத்தான், நான் காது கொடுக்கவில்லை.

என் மியாட்டாவின் முன் டயர்களில் வெளி ஓரம் தேய்ந்துவிட்டது. அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றியாக வேண்டும். பதிவு திங்கள்கிழமை திறக்கிறது, இருவருக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன்.