ஜோன் சீனா தட்டியது சரி, அதுவரை கொண்டுவந்த விதம்தான் பிழை

சரி, ஜோன் சீனா தட்டித் தோற்றதற்கு ரெஸ்லிங் ரசிகர்கள் எல்லாரும் திட்டித் தீர்த்திருப்பீர்கள். இனி நான் கொஞ்சம் பேசலாமா? 2025 டிசம்பர் 13ஆம் திகதி வொஷிங்டனில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரெஸ்லர் ஜோன் சீனா தன் கடைசி மெட்சில் குந்தரிடம் தட்டி (பிடி தாங்காமல் கையால் தட்டிச் சரணடைந்து) தோற்றாரே, அது சரியான முடிவு. இலங்கையில் நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. ஹட்டன் பஜாரில் நான் வேலை செய்யும் போன் கடையைத் திறப்பதற்குள் வொய்ஸ் மெசேஜ்கள் குவிந்துவிட்டன. நோர்வூட்காரன் ஒருவன் அழுகிற குரலில் பேசியிருந்தான். கொட்டகலைக்காரன், கம்பனியின் கதைகளைத் தீர்மானிக்கிற டிரிப்பிள் எச்சின் பரம்பரையையே இழுத்திருந்தான், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அங்கேயும் அதே கதைதான். மெட்ச் முடிந்து டிரிப்பிள் எச் வெளியே வந்தபோது அரங்கமே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

எங்கள் கூட்டத்தில் டிரிப்பிள் எச்சுக்குப் 'பெரிய தொரை' என்று பெயர். 2022 ஜூலையில், அதுவரை கம்பனியை நடத்திய வின்ஸ் மெக்மேன் விலகிய பிறகு, யார் ஜெயிப்பது, யார் தோற்பது, யாருக்கு பெல்ட் (சாம்பியன் பட்டம்) என்பதெல்லாம் இவர் கையில். வின்ஸ் 'பழைய தொரை'. தோட்டத்துப் பையன்கள் வைத்த பெயர், மாற்ற முடியாது.

இந்த விளையாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. போகிறவர் தோற்றுவிட்டுப் போக வேண்டும், இருக்கிறவருக்கு எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். 2008இல் ரிக் ஃபிளேர் ஷோன் மைக்கேல்ஸிடம் தோற்றார். 2010இல் அதே ஷோன் அண்டர்டேக்கரிடம் தோற்றுவிட்டுப் போனார். (இரண்டு பேருமே பிறகு மறுபடி ரிங்கில் ஏறினார்கள், அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) சீனா ஜெயித்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கு என்ன லாபம்? ஐந்து நிமிடம் நாம் சந்தோஷப்பட்டிருப்போம். குந்தர் யார்? இன்டர்கொன்டினென்டல் பெல்ட்டை 666 நாட்கள் வைத்திருந்தவர். அதே வருடம் ஜூலையில் கோல்ட்பர்க்கின் கடைசி மெட்சையும் முடித்துவைத்தவர். அப்படிப்பட்ட ஒருவரிடம் தோற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

'தோற்கலாம் மாமா, தட்டலாமா?' என்பதுதான் என் அக்கா மகனின் கேள்வி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவன். 'நெவர் கிவ் அப்' என்ற சீனாவின் வாசகத்தை நெஞ்சில் எழுதிய டீ சேர்ட் இரண்டு வைத்திருக்கிறான், ஒன்று கோயிலுக்குப் போட. 'மயங்கி விழுந்திருக்கலாமே? ஸ்டோன் கோல்ட் அப்படித்தானே?' என்றான்.

கம்பனியின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 1997இல் நடந்ததைச் சொல்கிறான். அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால் நடந்தது, இருந்தாலும் தெரிந்து வைத்திருக்கிறான். பிரெட் ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் மாட்டி, முகமெல்லாம் இரத்தம் வழிய, தட்டாமல் மயங்கினார் 'ஸ்டோன் கோல்ட்' ஸ்டீவ் ஒஸ்டின். அன்று தோற்றவர்தான் அதற்குப் பிறகு அந்தக் கம்பனியையே தூக்கி நிறுத்தினார். ஆனால் மருமகனே, அது எழுந்து வரப்போகிறவனுக்கு எழுதிய முடிவு. ஒஸ்டினுக்கு முன்னால் பெரிய காலம் இருந்தது. சீனாவுக்கு அடுத்த வாரம் ரோ நிகழ்ச்சி கிடையாது. அவர் மயங்கி விழுந்திருந்தால் 'பார், கடைசி வரை தட்டவில்லை' என்ற பெருமை அவரோடே வீட்டுக்குப் போயிருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக யாருக்கும் கொடுக்காத ஒன்று அவரிடம் இருந்தது, அந்தத் தட்டுதான். அதை குந்தருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டுவதற்கு முன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, கவனித்தீர்களா? எனக்கு அந்தச் சிரிப்புப் போதும்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

என் கோபம் வேறு இடத்தில். அந்தக் கடைசி ராத்திரிக்கு வந்து சேர்ந்த வழி இருக்கிறதே, அதுதான் குளறுபடி.

2025 மார்ச் 1ஆம் திகதி டொரொன்டோவை நினைத்துப் பாருங்கள். எலிமினேஷன் சேம்பர் மெட்சை சீனா ஜெயிக்கிறார். அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸிடம் 'உன் ஆன்மாவைக் கொடு' என்று கேட்டு வைத்திருந்த ரொக் பதில் வாங்க வருகிறார். கோடி மாட்டேன் என்கிறார். சீனா கோடியைக் கட்டிப்பிடிக்கிறார். ரொக் கழுத்தை அறுப்பதுபோல் ஒரு சைகை காட்டுகிறார். அடுத்த நொடி சீனா கோடியை அடிக்கிறார். இருபது வருடமாக நல்லவனாகவே இருந்த ஆள்! அடுத்த நாள் கடைக்கு வந்த முச்சக்கரவண்டி அண்ணன் ஒருவர், ரெஸ்லிங்கை விட்டுப் பல வருடமானவர், 'சீனா கெட்டவனாகிட்டானாமே, உண்மையா தம்பி?' என்று கேட்டார். அவர் வரைக்கும் போன செய்தி அது.

அப்படி ஒரு நெருப்பைப் பற்றவைத்துவிட்டு என்ன செய்தார்கள்? ஏன் கெட்டவனானான் என்பதற்கு ரொக் வந்து பதில் சொல்ல வேண்டும். ரொக் வரவில்லை. ஏப்ரல் 20ஆம் திகதி லாஸ் வேகாஸில் ரெஸில்மேனியா 41, சீனாவின் பதினேழாவது உலகப் பட்டம், சரித்திரச் சாதனை. அதற்கும் ரொக் வரவில்லை. அவருக்குப் பதிலாகப் பாட்டுக்காரர் டிராவிஸ் ஸ்கொட் ஓடி வந்து குறுக்கிட, சீனா கோடியைப் பெல்ட்டால் அடித்து ஜெயித்தார். அவ்வளவு பெரிய சாதனை அப்படி முடிந்தது. தனியாக விடப்பட்ட சீனா, ரசிகர்களாகிய நம்மேல் பழியைப் போட்டு வாரா வாரம் பேசிச் சமாளித்தார். ஓகஸ்ட் 1ஆம் திகதி வாராந்தர ஸ்மெக்டவுனில், சமர்ஸ்லாம் நிகழ்ச்சிக்கு முன்தினம், ஒரே பேச்சில் மறுபடி நல்லவனாகிவிட்டார். இருபது வருடம் காத்திருந்த திருப்பம் ஐந்து மாதத்தில் செத்துப் போனது.

ரொக்கை எல்லாரும் நடிகராக, பழைய சாம்பியனாகப் பார்க்கிறோம். 2024 ஜனவரியிலிருந்து அவர் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் தாய்க் கம்பனியான டி.கே.ஓ.வின் பணிப்பாளர் சபையில் இருக்கிறார். பெரிய தொரைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற சபை அது. அங்கே இருக்கிற ஒருவர் கதைக்குள் வந்து ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நடந்து போனால், 'திரும்பி வந்து அவிழ்' என்று யார் சொல்வது? டிரிப்பிள் எச்சின் எழுத்தில் குறை காண்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் மேல் தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ரொக் வருவது நிச்சயமில்லை என்றால் அந்த ராத்திரியை ரொக்கை வைத்துத் தொடங்கியிருக்கவே கூடாது.

இதே ரொக் 2024 பெப்ரவரியிலும் குறுக்கே வந்தார். ரோயல் ரம்பிளை ஜெயித்த கோடி, ரெஸில்மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸுக்கு எதிரான தன் இடத்தை விட்டு நகர, ரொக் வந்து நின்றார். கோடி வேண்டும் என்று ரசிகர்கள் போட்ட சத்தத்தில் ஒரு வாரத்துக்குள் திட்டம் மாறியது. அந்தக் கோபத்தையே கதையாக்கி ரொக்கை வில்லனாக்கினார்கள். ஏப்ரல் 7ஆம் திகதி கோடி ஜெயித்து, ரோமனின் 1,316 நாள் ஆட்சி முடிந்தது. என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த புக்கிங் (கதை அமைப்பு) அது. அதற்கு முந்தின வருடம் ரெஸில்மேனியா 39இல் கோடி தோற்றபோது நானும் திட்டியவன்தான், ஆனால் அந்தத் தோல்வி இல்லாமல் இந்த ஜெயிப்புக்கு அவ்வளவு ருசி இருந்திருக்காது. ஆக, இவர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை.

ஊரில் பெரியவர்கள் கேட்பார்கள்: 'எல்லாம் முதலே பேசி வைத்ததுதானே, அதுக்கு எதுக்குடா இப்படி அடிச்சுக்கிறீங்க?' மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து ஆடும்போது இதே பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி ராத்திரி காமன் எரிவான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். போன வருடமும் எரிந்தான், அதற்கு முந்தின வருடமும் எரிந்தான். ஆனாலும் ரதி ஒப்பாரி வைக்கும்போது என் பெரியம்மா முந்தானையை எடுப்பார். ஒரு வருடம் மழை வருகிறது என்று கூத்து மாஸ்டர் ரதி பாட்டை அரைகுறையாக வெட்டிவிட்டுக் காமனை அவசரமாக எரித்தார். பெரியம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. காமன் எரிந்ததற்காகவா கோபம்?

இப்போது 'பழைய தொரை காலமே நல்லம்' என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர் கம்பனியைவிட்டு முற்றாகப் போனது 2024 ஜனவரியில், முன்னாள் ஊழியர் ஒருவர் தொடுத்த பாலியல் குற்றச்சாட்டு வழக்குக்குப் பிறகு. அவர் மறுக்கிறார், வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். புக்கிங்கை மட்டும் வைத்துப் பேசுவோம். 2014 ரம்பிளில் கூட்டம் டேனியல் பிரையனைக் கேட்டுக் கத்தியது, பட்டிஸ்டாவை ஜெயிக்க வைத்தார்கள். முப்பதாவது, கடைசி ஆளாக வந்த பாவம் ரே மிஸ்டீரியோ, பிரையன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கே கூச்சல் விழுந்தது. கடைசியில் ரெஸில்மேனியா 30இல் பிரையனுக்கு பெல்ட் கொடுத்தார்கள், நாம் கத்திக் கத்தி வாங்கியது. கோஃபி கிங்ஸ்டனை நினைவிருக்கிறதா? 2019 ஏப்ரலில் சாம்பியன். ஒக்டோபர் 4ஆம் திகதி புரொக் லெஸ்னர் பத்து செக்கனுக்குள் முடித்துவிட்டார். அடுத்த கிழமைகளில் கோஃபி ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்துக்கொண்டு வந்தார்.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 2017 மே மாதம் ஜின்டர் மஹால் ரேண்டி ஓர்ட்டனைத் தோற்கடித்து சாம்பியனானபோது எங்கள் லயத்தில் பட்டாசு வெடிக்காத குறை. பஞ்சாபி வம்சம், பிறந்து வளர்ந்தது கனடா. எங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நம் நிறத்தில் ஒருவர் பெல்ட்டோடு நிற்பதைப் பார்த்த சந்தோஷம் அது. இந்தியச் சந்தையைப் பிடிக்க என்றார்கள், பிடிக்கட்டும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்: நவம்பரில் மன்செஸ்டரில் ஏஜே ஸ்டைல்ஸிடம் பெல்ட்டைக் கொடுக்க வைத்தார்கள். டிசம்பர் 9ஆம் திகதி புதுடில்லியில் நிகழ்ச்சி. அங்கே ஜின்டரைத் தோற்கடித்தது யார்? டிரிப்பிள் எச்! யாருக்காக அவரை சாம்பியனாக்கினார்களோ அந்த மக்களின் முன்னால், பெல்ட்டும் இல்லாமல் நிறுத்தி, கம்பனி வீட்டு மருமகனே ஜெயித்துவிட்டு பங்க்ரா ஆடினார். இன்றைய பெரிய தொரை மேல் எனக்கு மிச்சம் இருக்கிற பழைய கணக்கு அது ஒன்றுதான்.

மறுபடி சீனாவுக்கு வருகிறேன். ஓய்வுக்கு முன் எண்ணிக் கொடுத்த நாட்கள், ஒவ்வொன்றும் தங்கம். அதில் செப்டெம்பர் 20ஆம் திகதியை லெஸ்னருக்குக் கொடுத்தார்கள். தன் F5 அடியைத் திரும்பத் திரும்பப் போட்டு சில நிமிடங்களில் முடித்தார். 2014 சமர்ஸ்லாமிலும் லெஸ்னர் சீனாவை இப்படித்தான் துவைத்தார், அன்று எழுந்து நின்று பார்த்தேன். அண்டர்டேக்கரின் தொடர் வெற்றியை உடைத்துவிட்டு வந்த லெஸ்னர் எவ்வளவு பயங்கரமானவர் என்று அது காட்டியது. 2025இல் அதைக் காட்ட என்ன தேவை? லெஸ்னர் யார் என்று தெரியாதவர் யாராவது உண்டா? அந்த ராத்திரியை வளர்கிற ஒரு பையனுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஒக்டோபரில் பேர்த்தில் ஏஜே ஸ்டைல்ஸோடு நடந்தது வேறு ரகம். இரண்டு கிழவர்கள், நான் பாசத்தோடுதான் சொல்கிறேன், தங்கள் பழைய நண்பர்களின் அடிகளையெல்லாம் எடுத்து எடுத்துப் போட்டார்கள். கதையே தேவைப்படவில்லை. நவம்பரில் சொந்த ஊர் பொஸ்டனில் டொமினிக் மிஸ்டீரியோவைத் தோற்கடித்து, அதுவரை கிடைக்காத இன்டர்கொன்டினென்டல் பெல்ட்டையும் வாங்கினார். நன்றாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சி நடந்தபோது எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, மண் சரிந்த ரோட்டில் மறுபக்கம் இருக்கிற சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாத நேரம். ரெஸ்லிங் என்று ஒன்று இருப்பதே மறந்து போனது. சீனா அந்த பெல்ட்டை டொமினிக்கிடமே திருப்பித் தோற்றார் என்பது பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அதுவும் சரியான தோல்விதான், பெல்ட் இருக்கிற பையனிடம் போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் 13க்குக் கடையில் சார்ஜ் போடக் கொடுத்த போன்கள் வரிசையாகக் கிடந்தன. என் போனில் டேட்டா குறைவு, படம் நின்று நின்று வந்தது. (அமெரிக்கர்கள் டிக்கெட் விலையைப் பற்றி அழுகிறார்கள், நமக்கு டேட்டா கார்ட்டைப் பற்றித்தான் அழுகை.) அக்கா மகன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சீனா தட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டான். இப்போது குந்தரின் பாட்டு வந்தாலே போனைக் கவிழ்த்து வைக்கிறான், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டானாம். ஒரு ஹீலுக்கு (வில்லனுக்கு) இதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது. அதை எப்படிச் செலவழிக்கப் போகிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம். இரண்டு மாதத்தில் ஏதோ ஒரு பகுதிநேர ஆள் வந்து குந்தரைச் சும்மா தோற்கடித்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனால், அன்றைக்கு நானும் கொட்டகலைக்காரனோடு சேர்ந்து பரம்பரையை இழுப்பேன். இல்லாமல், வருடக்கணக்கில் இந்த வெறுப்பை வளர்த்து, சீனாவைப் பார்த்து வளர்ந்த ஒரு இளம் ஆளிடம் குந்தரைத் தட்ட வைத்தால், என் மருமகன் அந்த டீ சேர்ட்டை மறுபடி எடுத்துப் போடுவான். அதற்குள் அவனுக்கு அது பத்தாமல் போயிருக்கும், வேறு வாங்கிக் கொடுக்கிறேன்.