மூக்கின் மேல் மூன்று லட்ச ரூபாய்

கிருஷ்ணகிரியில் பெங்களூர் சாலையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முகத்தில் ஒரு பொருளை மாட்டிக்கொள்ள மனிதர்கள் எதற்கு இசைவார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள் என்பதைப் பார்ப்பதே என் தொழில். எதிரே இருக்கும் அறையையும் அதற்குள் கணினிப் படங்களையும் சேர்த்துக் காட்டும், முகத்தில் மாட்டும் விலையுயர்ந்த கலப்பு மெய்மை ஹெட்செட்டுகள் வீட்டுக்கு வீடு வந்துவிடுமா? இப்போது இருக்கும் உருவத்தில் வராது என்பதே என் முடிவு.

அப்படிப்பட்ட ஹெட்செட்டான ஆப்பிள் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை 3,499 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம். எடை 600 கிராமுக்கு மேல், பேட்டரி தனி. 2025 அக்டோபரில் வந்த புதிய பதிப்பில் விலை அப்படியே நிற்க, புதுப் பட்டையோடு சேர்த்து எடை 750 கிராமைத் தாண்டியது. என் கடையில் பிளாஸ்டிக் லென்ஸ் போட்ட கண்ணாடி 25, 30 கிராம்தான் இருக்கும். அதற்கே மூக்கில் தடம் விழுகிறது, காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று திரும்ப வருகிறார்கள். மத்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், சித்திரை வெயிலில் வியர்த்து வழுக்குகிறது என்று பிரேமையே மாற்றிக்கொண்டு போனார்.

எடையாவது கண்ணுக்குத் தெரிகிறது. பலர் பேசாத ஒன்று லென்ஸ். விஷன் ப்ரோவைக் கண்ணாடி மேல் மாட்ட முடியாது. ஜைஸ் நிறுவனத்தின் லென்ஸை உள்ளே பொருத்த வேண்டும்; வாசிப்பு லென்ஸ் 99 டாலர், மருத்துவர் எழுதிய பவர் என்றால் 149 டாலர். வெளிச்சம் புகாமல் தடுக்கும் உறையும் முக அளவுக்கு ஏற்ப மாறும். பாட்டிக்கு வெள்ளெழுத்து, அப்பாவுக்குக் கிட்டப்பார்வை, மகளுக்கு வேறு பவர் என்று இருக்கும் வீட்டில் ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. மூன்று லட்சம் என்பது நம் பக்கத்தில் குடும்பமே கூடிப் பேசிச் செலவழிக்கும் தொகை. டிவி வந்தபோது தெருவே உட்கார்ந்து பார்த்தது. இதில் ஒருவர் பார்க்கிறார், மற்றவர்கள் அவர் தலையைப் பார்க்கிறார்கள்.

விலை குறைந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் வெளிவந்தபோது 500 டாலர், அதன் மலிவுப் பதிப்பான 3எஸ் 300 டாலர். பத்தில் ஒரு பங்கு விலைக்கும் கீழே வந்தும் அது செல்போனைப் போலப் பரவவில்லை. இவற்றைத் தயாரிக்கும் மெட்டாவின் பிரிவு 2024இல் மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. மைக்ரோசாப்ட் அதே ஆண்டு தன் ஹெட்செட்டான ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை நிறுத்தியது.

பெங்களூரில் வேலை பார்க்கும் வாடிக்கையாளரின் மகன் தன் குவெஸ்ட் 3ஐக் கடைக்குக் கொண்டுவந்தான். "போட்டுப் பாருங்கள் அண்ணா" என்றான். அடியில் இருந்த சக்கரத்தைத் திருப்பி என் பி.டி. அளவுக்கு, அதாவது இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்துக்கு, வைத்தேன். சுவரில் அவன் தொங்கவிட்ட திரை, நான் நடந்தாலும் அசையாமல் அங்கேயே நின்றது. உண்மையிலேயே வியந்தேன். ஆனால், ஒரு ரசீதைக் கேட்டு எதிரே வந்த கடைப் பெண், நான் அவளைப் பார்க்கிறேனா என்று தெரியாமல் தயங்கி நின்றுவிட்டாள். இந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் ஆப்பிள், அணிபவரின் கண்களைக் காட்டும் திரையை வெளிப்புறத்திலும் வைத்தது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மருந்து எடையையும் செலவையும் கூட்டியது.

2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்த ரேபான் மெட்டா கண்ணாடியின் தொடக்க விலை அப்போது 29,900 ரூபாய். அதில் திரை கிடையாது. கேமராவும் ஒலிபெருக்கியும் உண்டு, பவரும் போடலாம். அதைப் பற்றி இளைஞர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் படம் பிடிக்கப்படுமோ என்ற கவலை எனக்கு இருந்தாலும், முகம் ஏற்றுக்கொள்ளும் வடிவம் அதுதான்.

பெரிய ஹெட்செட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நம்புகிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்கள் தருமபுரியிலிருந்தும் வருகிறார்கள். எந்தப் பவரும் உதவாது என்று சொல்லி அவர்களை அனுப்புவதுதான் என் வேலையில் மிகக் கடினமானது. எதிரே இருப்பதைக் கேமராவால் பெரிதாக்கிக் காட்டும் வசதியை விஷன் ப்ரோவுக்கு ஆப்பிள் 2025இல் அறிவித்தது. அந்தப் பெங்களூர்ப் பையன் வந்த அன்று கடையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குவெஸ்ட்டை வாங்கி மாட்டிப் பார்த்தார். நாளிதழ் எழுத்து அதில் மங்கலாகவே தெரிந்தது. எடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இதைவிடத் தெளிவாக ஒன்று வந்தால் எனக்குச் சொல்லு தம்பி" என்றார். முப்பதாயிரம் ரூபாய்க்குள் அப்படி ஒன்று வந்தால், வேறு யார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் என் கடையில் வாங்கி வைப்பேன்.