பந்து இப்போது எல்லாத் திரையிலும் ஒரே வேகம்!

நேற்று ராத்திரி செங்கல் உடைக்கும் கேம் ஒருவழியாக லேப்டாப்பிலும் போனிலும் ஒரே மாதிரி ஓடிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்! கேம் செய்ய ரெடிமேடாகக் கிடைக்கும் எஞ்சின், லைப்ரரி எதுவும் கிடையாது. ஒரு எச்டிஎம்எல் ஃபைல், அதில் படம் வரைய ஒரு கேன்வாஸ், மிச்சமெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். மட்டையும் ஸ்கோரும் சீக்கிரமே முடிந்தன. இழுத்தடித்தது பந்தின் வேகம்தான்.

பல பயிற்சி வீடியோக்களில் ஃப்ரேமுக்கு (அதாவது திரையை ஒருமுறை புதிதாக வரைவதற்கு) இத்தனை பிக்சல் நகர்த்து என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஃப்ரேமுக்கு 4 என்றால் 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில், அதாவது நொடிக்கு 60 முறை வரையும் திரையில், நொடிக்கு 240 பிக்சல். 120 ஹெர்ட்ஸ் போனில் அதே புரோகிராமில் பந்து 480 ஓடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நம் புரோகிராமைக் கூப்பிடும் பிரவுசர் வசதியான ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம், திரையின் வேகத்துக்குத்தான் கூப்பிடும் என்பதை முதல் பாடத்திலேயே சொல்ல வேண்டாமா?

அது ஒவ்வொரு முறையும் மில்லிநொடியில் நேரத்தையும் தருகிறது. முந்தைய நேரத்தைக் கழித்து, வரும் இடைவெளியை வேகத்தோடு பெருக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வேறு டேபுக்குப் போனால் திரும்பத் திரும்ப ஓடும் இந்தச் சுற்றை, அதாவது லூப்பை, பிரவுசர் நிறுத்திவிடும். திரும்பி வரும்போது இடைவெளி பல நொடி. பந்து ஒரே தாவலில் செங்கல் வரிசையைக் கடந்து போய்விடும். அதனால் இடைவெளிக்கு 100 மில்லிநொடி உச்சவரம்பு வைத்தேன். அப்புறம் அந்த நேரத்தைச் சேர்த்துக்கொண்டே போய், 8.33 மில்லிநொடி சேரும்போதெல்லாம் பந்தை ஓர் அடி நகர்த்துகிறேன். மீதி அடுத்த ஃப்ரேமின் கணக்கில் வரவு. ஓர் அடிக்கு 2 பிக்சல்தான். 20 பிக்சல் உயரமுள்ள செங்கலைத் தாண்டிக் குதிக்க வழியே இல்லை. மூலையில் பட்டுத் திரும்புவதுகூட இரண்டு திரையிலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கிறது.

சத்தங்களை, கேமுக்கான படங்களும் சத்தங்களும் தரும் கென்னி தளத்தில் எடுத்தேன். சிசி0 உரிமம், அதாவது யார் வேண்டுமானாலும் கேட்காமலே பயன்படுத்தலாம், காசு கிடையாது. விரல் படும்வரை போன் பிரவுசர் சத்தம் போட விடாது, அதனால் 'தொடங்கு' பட்டன் கட்டாயம்.

இரண்டாம் லெவல் இன்னும் பாக்கி. மனசு அதற்குள் ஆடுபுலி ஆட்டத்துக்குப் போய்விட்டது: 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். மாறி மாறி ஆடுவது என்பதால் லூப் தொல்லையே இல்லை. எந்தப் புள்ளியிலிருந்து எதற்குக் கோடு போகிறது என்ற பட்டியலைத் தாளில் போட ஆரம்பித்துவிட்டேன்.