லெந்து நாட்களில் எழுதிவைத்தது

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், லெந்து நோன்பு தொடங்குகிற நாள். சின்னவன் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். அவன் அப்பாவுக்கு, எங்கள் சபை உபதேசியாருக்கு, ஆபரேஷனுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை. சர்க்கரை இறங்கினால்தான் பேச்சே என்கிறார்களாம். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டேன். கஞ்சி குடித்தார் என்றான்.

ராத்திரி ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே எங்கள் ஆயர் அச்சன் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார்: "உபதேசியார் திரும்பி வருகிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சேச்சி பார்த்துக்கொள்ளட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசுகிறவர்தானே." அவருக்கும் வேறு சபைகள் இருக்கின்றன, மலை முழுக்க ஓட வேண்டும். சரி என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மழை இல்லை. தேயிலைக் கொழுந்து இல்லை. தூக்கமும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

இவருடைய கதை நோட்டை எடுத்துப் படித்தேன். எஸ்டேட்டில் பேர் பதிகிற செக்ரோல் மாதிரி நீளமான நோட்டு. இடது பக்கம் வசனம், வலது பக்கம் கதை, அடியில் எந்த டிவிஷனில் எந்த வருஷம் சொன்னது என்ற குறிப்பு. ஒரே கதையை ஒரே ஜனத்துக்கு இரண்டு தரம் சொல்லிவிடக் கூடாதென்று அவ்வளவு கவனம்.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழிக்கு எதிரே கொழுந்து நிறுக்கிற இடம். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதை நாலே வரியில் எழுதியிருக்கிறார். அதற்கு விளக்கமே வேண்டாம். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே வயசானவர்கள் நாங்கள்.

சில கதைகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "கேட்டாச்சு" என்று இருக்கிறது. சிலவற்றில் "வேண்டாம்". போனில் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கதைக்குச் சொந்தக்காரங்க உயிரோட இருந்தா அவங்ககிட்ட கேக்கணும்மா. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்."

அதற்கு மேல் பேச விடவில்லை, நர்ஸ் வந்துவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தேயு 20. திராட்சத்தோட்டத்து வேலைக்காரர். நாளுக்கு ஒரு பணம் கூலி பேசிக் காலையிலேயே இறங்கினவர்களுக்கும், பொழுது சாயப் பதினோராம் மணி வேளையில் வந்தவர்களுக்கும் ஒரே கூலி.

எஸ்டேட் ஜனத்துக்கு இதைச் சொல்ல வெளியிலிருந்து கதை தேட வேண்டியதில்லை. ஆனால் அதனாலேயே பயமாக இருந்தது. கூலி என்று சொன்னதும் எங்கள் பெண்களுக்கு 2015 ஞாபகம் வரும். மூணாறில் செப்டம்பர் மாதம் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, போனஸை 20 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைத்ததற்காக, யூனியன் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு. பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பேர். இங்கே எங்கள் பக்கத்திலும் அன்றைக்கு வீட்டுக்கு வீடு அதே பேச்சுதான். அந்த ஜனத்திடம் போய், எஜமான் கொடுப்பதை முறுமுறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இந்த உவமையைத் திருப்பிவிடுவது சுலபம். அப்படிப் பிரசங்கித்தவர்களும் உண்டு. அது பெரிய அநியாயம்.

அந்த எஜமான் ஒருவனுக்கும் பேசினதைக் குறைக்கவில்லை. இதைத்தான் முதலில் சொன்னேன். காலையில் வந்தவனுக்குப் பேசின பணம் முழுசாகக் கிடைத்தது. ஒருவரும் வேலைக்குக் கூப்பிடாததால் சாயங்காலம் வரைக்கும் சந்தையில் நின்றவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதைப் பார்த்தான் அந்த எஜமான். அப்புறம் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். யார் பெயரும் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு பாட்டி சத்தமாகவே "அது நியாயந்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சொல்லலாமென்றால் போன் எடுக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சர்க்கரை 240. இன்னும் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

அந்த அக்கா இன்றைக்கும் கூட்டத்துக்கு வரவில்லை.

முன்பு ஒரு கன்வென்ஷனுக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியைக் கதையாகச் சொன்னார். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி தொழிலாளர் குடியிருக்கிற லயங்களின்மேல் மலை இறங்கி 70 பேர் போனார்களே, அதை. அந்த வீட்டு நாய் நாள்கணக்கில் அங்கேயே சுற்றித் திரிந்து, தான் கூட விளையாடின குழந்தையின் உடலைக் காட்டிக்கொடுத்ததை நிறுத்தி நிறுத்தி, அழ வைக்கிற குரலில் சொன்னார். ஜனம் அழுதது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. "தேவன் தட்டும்போது திறக்காத மலை" என்று முடித்தார். அக்காவின் தங்கை குடும்பம் அங்கேதான் இருந்தது. அவர் எழுந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நடுப்பாதை வழியாக வெளியே போனார். எல்லாரும் பார்த்தோம்.

அந்த நாய் செய்தது உண்மை. செய்தித்தாளில் வந்தது, பார்த்தவர்கள் சொன்னது. அந்த உண்மையை எடுத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. செத்தவர்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டு அவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார். நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம்.

மார்ச் 15, சனி

நாத்தான் தீர்க்கதரிசியை நினைத்துக்கொண்டே கொழுந்து எடுத்தேன். உரியாவைச் சாகவைத்து அவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவின் முன்னால் போய் நின்றபோது அவன் பத்சேபாளின் கதையைச் சொல்லவில்லை. உரியாவின் பிணத்தையும் இழுத்துப் போடவில்லை. ஒரு ஏழையையும் அவன் மடியில் படுத்திருந்த ஆட்டுக்குட்டியையும்தான் சொன்னான். அடி வாங்க வேண்டியவன் மட்டும் அடி வாங்கினான்.

மார்ச் 16, ஞாயிறு

அச்சனே வந்துவிட்டார். நான் காலையிலேயே குமுளி இறக்கத்தில் பஸ்ஸில் இருந்தேன். மலையிலிருந்து இறங்க இறங்க வெயில் முகத்தில் அறைகிறது.

இவர் மெலிந்துவிட்டார். மணிக்கட்டில் ஊசி போட்ட இடம் நீலமாக இருந்தது. பேச்சு வீட்டைப் பற்றி இல்லை, கவாத்தைப் பற்றி, செடியை வெட்டிவிடுகிறதைப் பற்றி. யோவான் 15-ஐப் பிரசங்கிக்கிற டவுன்காரர்கள் எல்லாரும் எஸ்டேட்டுக்கு வந்தால் தேயிலைக் கவாத்தைத்தான் எடுக்கிறார்கள், அது பொருந்தாது என்றார். திராட்சைக் கொடியை வெட்டுவது கனிக்காக. தேயிலையை வெட்டுவது அது பூத்துக் காய்த்து மரமாகிவிடாமல், இடுப்புயரத்தில் நின்று இலை கொடுத்துக்கொண்டே இருப்பதற்காக. விட்டால் அது முப்பது அடி மரமாகும். "கனி கொடுக்கத்தான் சுத்தம்பண்ணுகிறார்னு வசனம் சொல்லுது. நம்ம செடி காயே காய்க்கக் கூடாதுன்னு வெட்டுறது. கவாத்துக்கத்தி பிடிச்சவன் கீழே உட்கார்ந்து கேட்டா என்ன நினைப்பான்?"

அப்படியானால் கவாத்தைச் சொல்லவே கூடாதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, சில தேயிலைக் காடுகளில் எல்லாக் கிளையையும் வெட்டினாலும் செடி மூச்சுவிட ஒரு கிளையை விட்டுவைப்பார்களே, அதைச் சொல்லலாம் என்றார். வெட்டினவன் செடியைச் சாகவிட நினைக்கவில்லை என்பதற்கு அது போதும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் கதை வசனத்தைத் தின்றுவிடும்.

டாக்டர் வந்து அதிகம் பேசக் கூடாது என்று திட்டினார். திரும்பி வரும்போது கம்பத்தில் பஸ் கிடைக்க நேரமாகிவிட்டது.

மார்ச் 19, புதன்

கமிட்டியில் ஒருவர் வந்து, வருகிற வாரம் பென்னிகுவிக் கதையைச் சொல்லுங்கள், தியாகத்துக்கு அதைவிட என்ன இருக்கிறது என்றார். அவருடைய சொந்தக்காரர்கள் கம்பத்தில். அங்கே வீட்டில் படம் வைத்திருக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் நெல் விளைகிற ஜனம் அப்படிச் செய்வதில் தப்பே இல்லை.

ஆனால் சொத்தை விற்று அணை கட்டினார் என்பதை நான் பீடத்தில் நின்று சொல்ல மாட்டேன். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அது, சென்னை அரசாங்கத்துப் பணத்தில் எழுந்தது. விற்றதற்கு ஒரு காகிதத்தை யாராவது காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம். சத்தியத்தைப் பேசுகிற இடத்தில் அது உண்மையா பொய்யா தெரியாத கதை எதற்கு?

அதோடு, நாங்கள் இருப்பது வண்டிப்பெரியாறு. அணைக்குக் கீழே. 136 அடி, 140 அடி, 142 அடி என்று டிவியில் ஓடினால் எங்கள் பிள்ளைகள் புத்தகத்தைக் கட்டிவைக்கிறார்கள். 2021 டிசம்பரில் ராத்திரியில் ஷட்டரைத் திறந்தபோது வள்ளக்கடவிலும் மஞ்சுமலையிலும் வீட்டுக்குள் தண்ணீர். ஒரே அணையைக் கம்பத்தில் சொன்னால் நன்றி, இங்கே சொன்னால் வயிற்றில் புளி. இயேசு ஜனங்கள் கேட்டறியும் திராணிக்குத் தக்கதாகச் சொன்னார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பாராமல் அது எப்படி முடியும்?

மார்ச் 20, வியாழன்

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கன்மலைமேல் கட்டின புத்தியுள்ளவன் வீடும், மணலின்மேல் கட்டின புத்தியில்லாதவன் வீடும். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், நம்ம லயத்தை யார் இங்க கட்டினாங்க?" கம்பெனி என்றேன். "அப்ப நாம புத்தியில்லாதவங்களா?"

இல்லை கண்ணு, இல்லவே இல்லை. அந்தக் கதையில் வீடு கட்டினவன் தானே இடம் பார்த்துக் கட்டினான். கேட்டதைச் செய்கிறாயா இல்லையா என்பதுதான் அங்கே பேச்சு, மண்ணைப் பற்றி இல்லை. அவனுக்குப் புரிகிறவரைக்கும் சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டன் டீ போட்டுக் கொடுத்தார். லூக்கா 13-ஐ எடுக்கப்போகிறேன், பெட்டிமுடியைச் சொல்லலாமா, நீங்கள் வேண்டாமென்றால் இல்லை என்றேன்.

ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் தங்கை குடும்பம் கயத்தாறில் கோயில் கொடைக்குப் போனபோது எடுத்த படம். "பேர் சொல்லாதே. நாயைச் சொல்லாதே. அவங்க ஒரு பாவமும் செஞ்சு சாகலைன்னு மட்டும் சொல்லு. அத நான் யார் வாயாலயும் கேக்கலை."

மார்ச் 22, சனி

எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். பக்கம் பக்கமாக வருகிறது. இவர் இருந்தால் பாதியை அடித்துவிடுவார்.

மார்ச் 23, ஞாயிறு

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்கள். எருசலேமில் அன்றைக்கு அது ஊர்ப்பேச்சு. இயேசு அதை எடுத்தார். மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளென்று நினைக்கிறீர்களோ என்று கேட்டார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார்.

அங்கே நிறுத்தினேன். பெட்டிமுடி என்று ஊர்ப்பெயரை மட்டும் சொன்னேன். அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நம்மைவிடப் பாவிகள் அல்ல, அப்படிச் சொல்ல எந்தப் பிரசங்கியாருக்கும் அதிகாரம் கிடையாது, கர்த்தரே வாயை அடைத்துவிட்டார் என்றேன். அதற்குப் பிறகு வருகிற "மனந்திரும்பாமற்போனால்" என்பதையும் விடவில்லை. அது உயிரோடு நிற்கிறவர்களைப் பார்த்துச் சொன்னது. லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறதென்று ஆள் வந்து சொன்னால் போய்ப் பார்க்காத நம் எல்லாருக்கும் அது உண்டு. காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கேட்கிற தோட்டக்காரனிடம் வந்து முடித்தேன். சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறானே, அவன் வெறுமனே கெஞ்சவில்லை, மண்வெட்டியோடு நின்று கேட்கிறான்.

அக்கா வந்திருந்தார். தூண் பக்கத்தில். கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 27, வியாழன்

சர்க்கரை 170. ஸ்தோத்திரம்.

மார்ச் 30, ஞாயிறு

கமிட்டிக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் கம்பெனியைச் சாடிவிட்டேன் என்கிறாராம். கம்பெனி என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் பயமில்லை.

இன்றைக்குப் புளித்த மாவு. ஒரு ஸ்திரீ மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள் என்பதை வாசிக்கும்போதே பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. இந்த மலைக் குளிரில் இட்லி மாவு பொங்கக் கம்பளி சுற்றி அடுப்பு ஓரம் வைக்கிற பாடு அவர்களுக்குத்தானே தெரியும். காணாமல்போன காசு, கிழிந்த வஸ்திரத்துக்கு ஒட்டு, மாவு: எங்கள் கைவேலையை எல்லாம் அவர் எங்கே நின்று பார்த்தார்? நாசரேத்தில் மரியாள் மாவு பிசைந்தபோது பக்கத்தில் நின்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

கோடைமழை. கூரை ஒழுகுகிறது. இவர் போனில் குரலே வரவில்லை, வெறும் மூச்சு. பயந்துவிட்டேன். சின்னவன் வாங்கி, தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா ஆராதனை முடிந்து காத்திருந்தார். உபதேசியாருக்கு என்று ஒரு பொட்டலம் வறுத்த கடலை. அவருக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாதென்று சொல்ல மனம் வரவில்லை. அப்புறம், நாய் கதையையும் ஒருநாள் சொல்லலாம், ஆனால் நீ சொல்லு, அவர்கள் சொல்ல வேண்டாம் என்றார்.

நான் அதைச் சொல்லமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும், வாலிபர் ஐக்கியத்தில் கேட்டிருக்கிறேன். நாளை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். குருத்தோலை ஞாயிற்றுக்கு யார் பேசுவது என்று அச்சனிடம் இன்னும் சொல்லவில்லை.