உடம்போடு வந்த இரும்பு

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முதலில் ஒரு படிவம் தருவார்கள். பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் கருவி உண்டா என்று வரிசையாகப் போகும் கேள்விகளுக்கு நடுவில் இதுவும் இருக்கும்: சன்னம் (துப்பாக்கிக் குண்டு), எறிகணைத் துண்டு, வேறு ஏதாவது உலோகத் துண்டு உடம்பில் இருக்கிறதா? இலங்கையின் வன்னியிலிருந்து கனடாவுக்கு வந்தவர்களில் சிலர் அந்த இடத்தில் 'இல்லை' என்று புள்ளடி போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது. போர் முடிந்த 2009இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியிலும் பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் தழும்பு இருந்தவருக்கு விசாரணையும் இருந்தது. அடுப்படியில் குந்தியிருந்தபோது பட்ட துண்டுக்கும் இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) இருந்தாயா என்பதுதான் கேள்வி. காயத்தை மறைத்தே உயிர் தப்பியவருக்கு, விமானம் ஏறியவுடன் அந்தப் பழக்கம் போய்விடாது.

இங்கே அந்தப் பழக்கம்தான் ஆபத்து. மோட்டார், ஆட்லறி செல்களின் (எறிகணைகளின்) கோது உருக்கால் ஆனது. வெடிக்கும்போது அது அரிசிமணி அளவு முதல் விரல் நீளம் வரையான கூரிய சில்லுகளாகச் சிதறுகிறது. உருக்கைக் காந்தம் இழுக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்றாலே பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. அறைக்குள் கால் வைத்த கணத்திலிருந்தே இழுக்கத் தொடங்கிவிடும்.

தசைக்குள் பல வருடங்களாகக் கிடக்கும் துண்டைச் சுற்றிக் கட்டியான தழும்பு வளர்ந்திருக்கும். அது துண்டை ஓரளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் தொடையிலோ தோளிலோ துண்டுள்ள பலருக்குப் பிரச்சினை இல்லாமலே எம்.ஆர்.ஐ. எடுக்க முடிகிறது. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகே துண்டு இருந்தால் கதை வேறு. கண்ணுக்குள் மணல் அளவு இரும்பு அசைந்தாலும் பார்வை போகலாம். ஆகவே முகத்திலோ கண்ணைச் சுற்றியோ காயம் பட்டவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குடும்ப வைத்தியரிடம் முதலாவது சந்திப்பிலேயே துண்டுகளைப் பற்றிச் சொல்லுங்கள். காயம் பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் துண்டு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது தெரியாது. படங்களின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். பின்னொரு நாள் எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால், அந்தப் படங்களைப் பார்த்துக் கதிரியக்க வைத்தியர் முடிவெடுப்பார். கூடாது என்றால் பெரும்பாலும் சி.ரி. ஸ்கான் செய்வார்கள், அதில் காந்தம் இல்லை. முன்கூட்டியே சொல்லாமல் போய், கட்டிலில் ஏறும் நேரத்தில் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இடம் அதோடு போய்விடும்.

உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் அங்கேயும் சொல்ல வேண்டும். சில இடங்களில் வலிக்குக் குற்றலை மின்சூடு (ஷோர்ட்வேவ் டயதேர்மி) கொடுப்பார்கள். உலோகம் உள்ள இடத்தில் அது துண்டையே சூடாக்கி உள்ளே தசையைச் சுட்டுவிடும்.

மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். நாங்கள் 'செல்' என்றால் அது எறிகணை. தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்கு அது உடலின் உயிரணுவாகவோ கைத்தொலைபேசியாகவோ கேட்கலாம். 'சன்னம்' என்பதும் அவருக்குப் பழக்கமில்லாத சொல். 'வெடித்த குண்டின் இரும்புத் துண்டு', 'துப்பாக்கிக் குண்டு' என்று விரித்துச் சொன்னால் பிழை வராது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் முதுகில் என்ன இருக்கிறது, அது எப்படி வந்தது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது.

ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று இங்குள்ள வைத்தியர்கள் வியப்போடு கேட்பதுண்டு. துண்டைத் தேடி வெட்டும் வெட்டு, பல வேளைகளில் துண்டு செய்த சேதத்தைவிடப் பெரிதாகிவிடும். 2009இல் புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தை நிறுத்தி உயிரைக் காப்பதற்கே வழியில்லாமல் இருந்தது, துண்டெடுக்க நேரம் ஏது? அங்கிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போனவர்களிலும் பலரிடம் என்ன காயம், என்ன சிகிச்சை என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்கும் ஒரு டயக்னோசிஸ் கார்ட்கூட மிஞ்சவில்லை. இப்போதும் பொதுவாகச் சில காரணங்களுக்காகவே துண்டை எடுக்கிறார்கள்: மூட்டுக்குள் இருப்பது, நரம்பை அழுத்துவது, சீழ் கட்டுவது, தோலுக்கு மேலே தள்ளிக்கொண்டு வருவது. பதினைந்து வருடம் கழித்தும் ஒரு துண்டு தோலடிக்கு வந்து கறுப்புப் புள்ளியாகத் தெரியலாம். அதை வீட்டில் ஊசியால் நோண்டக்கூடாது.

சன்னம் வேறு வகை. அதற்குள் பெரும்பாலும் ஈயம் இருக்கும். தசைக்குள் கிடந்தால் ஈயம் மிக மெதுவாகவே கரையும். மூட்டுக்குள் கிடந்தால் மூட்டு நீர் அதைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும். காரணம் தெரியாத வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை, ஓயாத களைப்பு இருந்தால், இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையில் அதைப் பார்ப்பதில்லை, தனியாக எழுதவேண்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். எலும்பில் சேர்ந்த ஈயம் கர்ப்ப காலத்தில் வெளியேறி, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகும்.

இனி மிதிவெடியில் கால் போனவர்கள். கால் வைத்தால் வெடிக்கும் சிறிய மிதிவெடியில் இருக்கும் வெடிமருந்து வெறும் 30 முதல் 50 கிராம்தான். அது பாதத்தைச் சிதைப்பதோடு மண்ணையும் சப்பாத்துத் துண்டையும் எலும்புச் சில்லையும் தசைகளுக்கு நடுவே மேல்நோக்கி அடித்து ஏற்றும். அதனால் பாதத்தில் பட்ட வெடிக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கவேண்டி வருகிறது. அவசரத்தில் எடுத்த கால் என்றால் எலும்பு முனை கூராகவே நிற்கும். பொய்க்கால் போட்டால் அந்த இடம் குத்தும். இங்கே அதைத் திருத்தச் சத்திரசிகிச்சை உண்டு. வலியைத் தாங்குவது வழக்கமாகிப் போனவர்கள் அதைக் கேட்பதே இல்லை.

ஊரில் போட்டது பெரும்பாலும் ஜெய்ப்பூர் கால், யாழ்ப்பாணத்தில் 1987 முதல் அது செய்யப்படுகிறது. இறப்பர் பாதம், எல்லாப் பக்கமும் வளையும். வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தலாம். கனடாவில் கொடுக்கும் பாதம் சப்பாத்துக்காகவே அமைத்தது. குதிக்காலில் ஒரு சென்ரிமீற்றர் உயரமுள்ள சப்பாத்துக்கு அளவெடுத்து நிமிர்த்தியிருப்பார்கள். நாங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவோம். அந்த ஒரு சென்ரிமீற்றர் குறைந்ததும் கால் பின்னுக்குச் சாயும், முழங்கால் பின்பக்கமாக மடங்கப் பார்க்கும். சில மாதங்களில் முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். வீட்டுக்குள் மட்டும் போட அதே குதி உயரத்தில் இன்னொரு சோடி சப்பாத்து வைத்திருங்கள். இல்லையென்றால், நாங்கள் வீட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள் என்று அளவெடுக்கும் நாளிலேயே சொல்லி, குதி உயரம் மாற்றக்கூடிய பாதம் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், அவர்களுக்கு எங்கள் வீட்டு வாசல் தெரியாது.

எஞ்சிய கால் பகலில் மெல்ல மெல்லச் சுருங்கும். காலையில் இறுக்கமாக இருந்த சொக்கெட் (எஞ்சிய கால் நுழையும் பொய்க்காலின் கூடு) மாலையில் தளர்ந்து, கால் உள்ளே இறங்கி, முழங்கால் சிரட்டைக்குக் கீழேயும் முனையிலும் உரசும். அதற்காகத்தான் மெல்லிய காலுறைகள் தருகிறார்கள். தளர்ந்தவுடன் ஒன்று கூட்டிப் போடுங்கள். கழற்றிப் பார்க்கும்போது இருக்கும் சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்குப் பொய்க்கால் போடக்கூடாது. காலுறைகளை அடுக்கிக்கொண்டே போகவேண்டி வந்தால் சொக்கெட் புதிதாகச் செய்யும் நேரம் வந்துவிட்டது. குளிர்காலத்தில் தடித்த கோட்டோடு சூடான பஸ்ஸுக்குள் நின்றால் சிலிக்கன் உறைக்குள் வியர்வை தேங்கித் தோல் வெந்துபோகும். உறையைக் கழற்றித் துடைக்க ஒரு சிறு துணி பையில் இருக்கட்டும். கால் இருந்தும் துண்டு பட்டு நரம்பு அறுந்தவர்களுக்கு அந்தக் காலில் குளிர் தெரியாது, பனியில் விறைத்துக் கறுத்த பிறகே கண்ணில் படும். இரவில் ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவின் உதவிச் சாதனத் திட்டம் அங்கீகரித்த பொய்க்காலுக்கு 75 வீதம் கொடுக்கிறது. மீதிக்கு 1918இல் முதலாம் உலகப்போரில் கை கால் இழந்த படையினர் தொடங்கிய வார் அம்ப்ஸ் அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அகதிக் கோரிக்கை முடியாதவர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் உண்டு.

கோரிக்கையில் தழும்பைக் காட்டுகிறவர்கள், வைத்தியரின் கடிதத்தில் இஸ்தான்புல் நெறிமுறையின் (சித்திரவதைக் காயங்களை எப்படிப் பதிவுசெய்வது என்று சொல்லும் ஐ.நா. கையேட்டின்) சொற்கள் இருக்கின்றனவா என்று சட்டத்தரணியோடு சேர்ந்து பாருங்கள். காயம் சொன்ன காரணத்தோடு 'பொருந்துகிறது', 'மிகவும் பொருந்துகிறது', 'அதற்கே உரிய அடையாளம்' என்று அதில் படிகள் உண்டு. 'பழைய தழும்பு இருக்கிறது' என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு அதிகம் பெறுமதி இல்லை.

மே மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் விடுமுறை நாளான விக்டோரியா தினம் மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும், அன்று வாணவெடி உண்டு. 2009இல் அந்தத் திங்கட்கிழமை மே 18, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த நாள். ஒவ்வொரு ஆண்டும் நினைவுநாளும் வெடிச் சத்தமும் ஒரே கிழமைக்குள் வந்து விழுகின்றன. புதிதாக வந்தவர்களுக்கு நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்துக் கேட்கும் சத்தத்துக்கும், தூக்கத்தில் திடீரென்று கேட்கும் சத்தத்துக்கும் உடம்பு ஒரே மாதிரி நடுங்குவதில்லை.

கடைசியாக ஒரு சிறு அட்டை. பாரிசவாதம் வந்தோ விபத்தில் மயங்கியோ போனால் படிவத்தில் புள்ளடி போட நீங்கள் இருக்கமாட்டீர்கள். மனைவியிடமோ பிள்ளையிடமோதான் கேட்பார்கள், பல வீடுகளில் அவர்களுக்கும் தெரியாது. எக்ஸ்ரேயைப் பார்த்து, ஆங்கிலத்தில், சுகாதார அட்டையின் அளவில் எழுதி அதோடு சேர்த்தே வைத்திருங்கள்: இடது தோளில் ஒன்று, வலது தொடையில் இரண்டு, உருக்குத் துண்டுகள், 2009.