வியாழனின் விட்டம்: கடைசியில் 46.8 விகலை

வானில் வியாழன் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதை விகலையில் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அளந்து, நேற்றிரவு வந்த விடையை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். 46.8 விகலை. கணக்குப்படி இப்போது இருக்க வேண்டியது ஏறத்தாழ 46.5. ஜனவரி 10 எதிரமைவுக்கு (பூமிக்கு ஒருபுறம் சூரியனும் நேர் மறுபுறம் வியாழனும் வரும் நாள்) முன்பிருந்தே 51-க்குக் கீழே இறங்காமல் அடம்பிடித்த வியாழன் ஒருவழியாக வசப்பட்டது.

முறை எல்லோரும் செய்வதுதான்: தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தி, பூமி சுழல்வதால் நகரும் கோள், ஐபீஸில் (கண்வைத்துப் பார்க்கும் வில்லை) கட்டிய இழையைக் கடக்கும் நேரத்தை அளந்து, நகரும் வேகத்தால் பெருக்குவது. மிதுனத்தில், வான நடுவரைக்கு 22 பாகை வடக்கே இருப்பதால் நொடிக்கு 13.9 விகலை நகர்கிறது.

பாடாய்ப் படுத்தியது இழைதான். என் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியின் குவியத் தூரம் 1200 மி.மீ. அதில் விழும் வியாழனின் பிம்பம் 0.27 மி.மீ.தான். தலைமுடியைக் கட்டினால் கோளில் கால்வாசி மறைந்துவிடுகிறது. ஒளிரும் குறுக்கிழை ஐபீஸ் விற்கிறார்கள். அந்த விலை கொடுக்க மனம் வரவில்லை. திருபுவனத்தில் இருந்துகொண்டு இழைக்கு ஏன் அலைய வேண்டும்? பக்கத்து வீட்டு நெசவாளர் அண்ணன் பசை நீக்கிய பட்டு நூலில் ஒரு துண்டு கொடுத்தார். மின்விசிறியை நிறுத்தி, கறுப்புத் தாளின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றை இழையைப் பிரித்தேன். முடியில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்கூட இராது. 25 மி.மீ. பிளாசல் ஐபீஸின் அடி வளையத்தில் நகப்பூச்சால் ஒட்டினேன். முதல் இரவு பனி இறங்கியதும் தொய்ந்துவிட்டது. மறுநாள் இன்னும் இறுக்கி ஒட்டினேன்.

அப்படியும் 3.7 நொடி, அதாவது 51 விகலை. கைத்தவறு என்று நினைத்து, நொடிக்கு 60 படம் எடுக்கும் கைப்பேசியில் பதிவு செய்தேன். அதிலும் 222 படங்கள், அதே 3.7. பதிவை நிறுத்திப் பார்த்தபோதுதான் உறைத்தது: கோள் ஓடும் திசையை ஒட்டியே இருக்கும் வியாழனின் நிலவு வரிசை இழையைச் சாய்வாக வெட்டுகிறது! இழை ஏறக்குறைய 25 பாகை சாய்ந்திருந்தது. சாய்ந்த இழையைக் கடக்க வட்டத்துக்குக் கூடுதல் நேரம் ஆகும். குறுக்கே இரண்டாவது இழை கட்டினேன். வியாழன் ஓர் இழையின் மேலேயே வழுவாமல் ஓடும்வரை ஐபீஸைத் திருப்பினால், மற்றது தானாகவே செங்குத்தாகிவிடும். பன்னிரண்டு பதிவுகளின் சராசரி 202 படங்கள், அதாவது 3.37 நொடி; 13.9-ஆல் பெருக்கினால் 46.8 விகலை.

மிச்சமுள்ள 0.3 விகலை, பிம்பம் கூடுதல் வெளிச்சத்தில் பதிவானதால் வந்திருக்கலாம். அதைச் சரிசெய்வதற்குள் மனம் துருவ விட்டத்துக்குத் தாவிவிட்டது. அது நடுவரை விட்டத்தைவிட 3 விகலை குறைவு. ஓட்டத்தை வைத்து அதை அளக்க முடியாது, நகரும் இழை வேண்டும். பழைய திருகு அளவி (மைக்ரோமீட்டர்) ஒன்று கிடைத்திருக்கிறது. பார்லோ (பிம்பத்தைப் பெரிதாக்கும் வில்லை) போட்டால் அதன் ஒரு பிரிவு 0.86 விகலை. இழையைத் தாங்கும் சட்டம் கடைந்து தர, கும்பகோணத்துப் பித்தளைப் பட்டறைக்காரர் தைப்பூசம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.